மாப்பிள்ளை உடுப்புக்கும் முறை உண்டு

மன்னார் மாவட்டத்தில் கலியாண மாப்பிள்ளையின் தலையைப் பார்த்தே அவர் எந்த முறைப்படி மணம் முடிக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சைவ மாப்பிள்ளை தலைப்பாகை கட்டியிருப்பார். எருக்கலம்பிட்டி போன்ற முஸ்லிம் ஊர்களில் நிக்காஹ்வுக்கு அமரும் மாப்பிள்ளை பலவேளை தொப்பி அணிந்திருப்பார். கத்தோலிக்க மாப்பிள்ளை பீடத்தின் முன் வெறுந்தலையோடு நிற்பார். வழிபாட்டில் ஆண்கள் தலையை மூடுவதில்லை என்ற வழக்கத்தின் வேர், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் இருக்கிறது.

உடம்புக்கும் இதேபோல முறைகள் உண்டு. வடபகுதிச் சைவக் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். மாப்பிள்ளைக்கு வேட்டியும் சால்வையுமே அழகு. முஸ்லிம் ஆண்களுக்குத் தூய பட்டும் பொன்னும் விலக்கு. மோதிரம் போட்டாலும் வெள்ளியில்தான்.

மடு மாதா திருத்தலத்தைத் தன்னகத்தே கொண்ட மன்னார் மறைமாவட்டத்தில், கத்தோலிக்க மாப்பிள்ளை என்றால் கோட்டும் டையும் சப்பாத்தும் என்றாகிவிட்டது. ஆனால் அது திருச்சபை இட்ட கட்டளை அல்ல. திருமணத்துக்குத் திருச்சபைச் சட்டம் கேட்பது இருவரின் மனச் சம்மதம், அதைப் பெற்றுக்கொள்ளும் குருவானவர், இரண்டு சாட்சிகள். கோட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனமோ, அந்தந்த நாட்டின் நல்ல திருமண வழக்கங்களைக் காத்துக்கொள்ளவே சொல்கிறது. இங்கே கத்தோலிக்கக் கலியாணத்திலும் தாலியும் கூறையும் நிலைத்திருப்பது அந்த மனப்பாங்கோடு நன்றாகவே பொருந்துகிறது.

மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இல் பிடித்தார்கள். இன்றைய கோட்டு அவர்கள் காலத்தது அல்ல, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவெடுத்தது. மணப்பெண்ணின் வெள்ளை உடுப்பைப் பரவலாக்கியது 1840இல் நடந்த விக்டோரியா மகாராணியின் திருமணம். அன்று மாப்பிள்ளை அல்பேர்ட் அணிந்திருந்தது இராணுவச் சீருடை. ஆகவே, வெள்ளை உடுப்பிலிருந்து பொம்பிளை கூறைக்கு மாறும்போது மாப்பிள்ளையும் பட்டு வேட்டிக்கு மாறினால் எந்த முறையும் கெட்டுப்போகாது. கோயிலுக்கே வேட்டி சால்வையோடு வர விரும்பும் பெடியனையும் வீட்டார் தடுக்க வேண்டியதில்லை.

கோட்டுத்தான் வேண்டும் என்றால், அதற்கென்று இருக்கும் ஒழுங்கைக் கற்றுக்கொள்வது நல்லது. பளபளக்கும் சாட்டின் கழுத்துப்பட்டி வைத்த டக்சிடோ மாலை விருந்துக்குரியது. காலைத் திருப்பலிக்குச் சாதாரண கருநீல அல்லது சாம்பல் நிறக் கோட்டே பொருத்தம். இரண்டு பொத்தான் கோட்டில் மேல்பொத்தானை மட்டும் பூட்ட வேண்டும். உட்காரும்போது அதையும் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் துணி இழுபட்டு மடிப்பு விழும். சேர்ட்டின் கைநுனி கோட்டுக்கு வெளியே ஒரு சென்ரிமீற்றரளவு தெரியலாம். டையின் முனை இடைப்பட்டியின் பூட்டைத் தொட்டு நிற்க வேண்டும். பூ குத்தும் இடம் இடப்பக்கம்.

தைக்கக் கொடுத்ததோ வாடகைக்கு எடுத்ததோ, உடுப்பைப் போட்டு நின்று பார்த்தால் மட்டும் போதாது. திருமணத் திருப்பலியில் மாப்பிள்ளை முழந்தாளிட வேண்டும். காற்சட்டை இறுக்கமாக இருந்தால் சிரமம் அப்போதுதான் தெரியும். முழந்தாளிடும்போது சப்பாத்தின் அடிப்பக்கம் பின்வாங்கில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், அதில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை முன்னமே உரித்துவிட வேண்டும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. தவக்காலத்தில் பொதுவாகக் கலியாணம் வைப்பதில்லை. அதனால் உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கலியாணங்கள் வரிசையாக வருகின்றன. மன்னார்க் கரையிலும் மடுக் காட்டுப் பகுதியிலும் வெக்கை உச்சத்தில் இருக்கும் காலமும் அதுதான். குளிர்நாட்டுக்கென்று நெய்த தடித்த கம்பளிக் கோட்டு அங்கே மாப்பிள்ளையை வியர்வையில் குளிப்பாட்டிவிடும். லினன் அல்லது மெல்லிய கம்பளித் துணியில், உள்துணி பாதி மட்டும் வைத்துத் தைக்கச் சொன்னால் காற்றுப் புகும். உள்ளே பருத்திச் சேர்ட் போடுவதும், வியர்வை துடைக்க வெள்ளைக் கைலேஞ்சி ஒன்றைத் தோழனிடம் கொடுத்து வைப்பதும் உதவும்.

அளவு கொடுக்கப் போகும் முன்பு பங்குத்தந்தையையும் ஒருதரம் கேட்டுக்கொள்ளலாம். திருமண ஆயத்தத்துக்கு எப்படியும் அவரிடம் போகத்தான் வேண்டும். வேட்டி உடுத்த விரும்பினால் அதையும் அப்போதே பேசி முடித்துவிடலாம்.