அறுவைக்குப் பின்னும் தொடரும் முதுகு வலி

முதுகெலும்பு வட்டு விலகி நரம்பை அழுத்தும்போது காலுக்குப் பரவும் கடும் வலிக்கு அறுவை சிகிச்சை நல்ல பலனைத் தருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகின்றனர். ஆயினும், முதுகு அறுவை செய்துகொண்டோரில் 10 முதல் 40 விழுக்காட்டினருக்கு வலி நீடிக்கிறது, அல்லது சில மாதங்களில் மீண்டும் தலைதூக்குகிறது என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. 'அத்தனை செலவழித்தும் வலி போகவில்லையே' என்ற குரலைக் கேட்காத குடும்பங்கள் குறைவு.

மருத்துவ நூல்கள் இந்நிலைக்குத் 'தோல்வியுற்ற முதுகு அறுவை' என்ற பொருளிலேயே நெடுங்காலம் பெயரிட்டு வந்தன. பல நேரங்களில் அறுவையில் பிழை ஏதும் இருப்பதில்லை. எனவே, 'நீடித்த முதுகெலும்பு வலி, இரண்டாம் வகை' என்று இதனை அழைக்கலாம் என 2021-இல் வல்லுநர்கள் முன்மொழிந்தனர். இது வெறும் சொல் மாற்றமன்று. தோற்றுவிட்டது என்று கேட்ட நோயாளிக்கு, அதைச் சரிசெய்ய இன்னோர் அறுவை வேண்டும் என்ற எண்ணமே முதலில் எழும்.

அந்த எண்ணம்தான் ஆபத்தானது. முதல் அறுவை பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பலன் தந்தாலும், இரண்டாவதில் அது ஏறத்தாழ 30 விழுக்காடாகவும், மூன்றாவதில் 15 ஆகவும், நான்காவதில் 5 ஆகவும் சரிகிறது என்பது மருத்துவ இலக்கியத்தில் பலகாலம் எடுத்தாளப்பட்டு வரும் மதிப்பீடு. பொருளியலில் 'மீளாச் செலவு' என்றொரு கருத்து உண்டு. போன பணம் திரும்பாது. அடுத்த முடிவை இனி வரக்கூடிய பலனை மட்டுமே கொண்டு எடுக்க வேண்டும். கடன் வாங்கி முதல் அறுவையைச் செய்துகொண்டவருக்கு இந்தக் கணக்கு கசக்கும். ஆனால், முதுகெலும்பு அந்தக் கடனை அறியாது.

முதலில் செய்ய வேண்டியது வலியின் மூலத்தை மீண்டும் தேடுவது. அதே வட்டு மறுபடியும் பிதுங்கியிருக்கலாம். நரம்பைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்திருக்கலாம். இவ்விரண்டையும் சாய மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் பிரித்துக் காட்டும். எலும்புகளை இணைத்துத் திருகாணி பொருத்தியவர்களுக்குப் பக்கத்து மூட்டுகளில் சுமை கூடி, வலி அங்கிருந்து புறப்படலாம். புதிதாகக் காலில் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடின்மை, காய்ச்சலுடன் கூடிய முதுகு வலி ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இத்தகைய நிலைகளில் மறு அறுவை உண்மையிலேயே தேவைப்படலாம்.

மற்றவர்களுக்குச் சிகிச்சையின் அடித்தளம் உடற்பயிற்சிதான். 'குனியாதே, தூக்காதே, படுத்தே இரு' என்று அன்போடு தடுக்கும் உறவினர்கள், அறியாமலேயே தசைகளை மெலியச் செய்கின்றனர். இயன்முறை சிகிச்சையாளரின் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டப்படும் பயிற்சியும், வலி குறித்த அச்சத்தைத் தணிக்கும் உளவியல் சிகிச்சையும் இணையும்போது பலன் கூடுகிறது. மனநல ஆலோசகரிடம் அனுப்புவதால் வலி கற்பனை என்று பொருளாகாது. மாதக்கணக்கில் வலிச் செய்தியையே பெற்றுவந்த நரம்பு மண்டலம் சிறு தூண்டலையும் பெரிதாக்கி உணரத் தொடங்கிவிடுகிறது.

நரம்பு சார்ந்த வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரீகாபலின் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. சிலருக்கு உதவுகின்றன, மயக்கமும் தலைசுற்றலும் முதியோரைக் கீழே விழச் செய்யலாம். காலுக்குப் பரவும் நரம்பு வலிக்குப் பிரீகாபலின் வெற்று மாத்திரையைவிடப் பயன் தரவில்லை என 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று கண்டது. ஆகவே, பலனில்லாத மருந்தை ஆண்டுக்கணக்கில் தொடர்வதில் பொருளில்லை. ஆனால், அதை மருத்துவரின் ஆலோசனைப்படி மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும். தண்டுவட உறையை ஒட்டிச் செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசி பெரும்பாலும் சில வாரங்களுக்கான நிவாரணமே.

அண்மைக்காலமாகத் தனியார் மருத்துவமனைகளில் தண்டுவடத் தூண்டி அதிகம் பேசப்படுகிறது. வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில் ஒரு 'கதவு' உண்டு என்று மெல்சாக்கும் வாலும் 1965-இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து பிறந்த கருவி இது. தண்டுவடத்தை ஒட்டி வைக்கப்படும் மின்முனைகள் மெல்லிய மின்துடிப்புகளை அனுப்புகின்றன. 2007-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின்னும் கால்வலி நீடித்த 100 பேரில், கருவி பெற்றோரில் 48 விழுக்காட்டினருக்கு ஆறு மாதங்களில் அவ்வலி பாதிக்கும் மேல் குறைந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 9 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தது. மாறாக, 2022-இல் வெளியான நார்வே ஆய்வில், கருவி இயங்குகிறதா என்பதை நோயாளி அறியாதவாறு சோதித்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இரு ஆய்வுகளிலும் பயன்படுத்திய துடிப்பு முறைகள் வேறு என்பதையும் கருத வேண்டும். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள இக்கருவியை நிரந்தரமாகப் பொருத்தும் முன், தற்காலிக மின்முனைகளைக் கொண்டு சில நாள்கள் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அச்சோதனையில் வலி பாதியளவாவது குறையாதவர் மேற்கொண்டு செலவு செய்வது வீண்.

இங்கேதான் காப்பீட்டின் முரண்பாடு தெரிகிறது. நம் நாட்டின் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே முதன்மையாகப் பணம் தருகின்றன. மறு அறுவைக்குக் காப்பீடு கிடைக்கும்; வாரம் இருமுறை சென்று வரும் இயன்முறை சிகிச்சைக்கும் உளவியல் ஆலோசனைக்கும் பெரும்பாலும் கைப்பணமே. நாள் கூலியை இழந்து சிகிச்சைக்குச் செல்ல வேண்டிய தொழிலாளிக்குச் செலவு இரட்டிப்பாகிறது. எந்த மருத்துவரும் தவறான எண்ணம் கொள்ளாமலேயே, விலைகளின் அமைப்பு நோயாளியைக் கத்தியை நோக்கித் தள்ளிவிடுகிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்க ஏற்கெனவே வழியிருக்கிறது. முதுகு அறுவை முடிந்து வீடு திரும்புவோரின் பட்டியலை மருத்துவமனைகள் அத்திட்டப் பணியாளர்களுக்கு அனுப்பி, முதல் மூன்று மாதப் பயிற்சியை உறுதிசெய்தால், அதற்காகும் செலவு ஒரே ஒரு மறு அறுவையின் செலவோடு ஒப்பிடத் தகாத அளவு சிறியதாகவே இருக்கும்.