ஆசையும் அடுத்தவரும்

வரப்பில் ஒரு சாண் நிலம், கூட்டுக் கிணற்றில் ஒரு முறைத் தண்ணீர், பாகம் பிரிக்கையில் விட்டுப்போன ஒரு தென்னை. சேலம், நாமக்கல் பக்கத்தில் உடன்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்ள இவை போதும். ஊர்ப் பஞ்சாயத்து நிலத்தையும் தண்ணீரையும் விசாரிக்கும். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபத்தின் 4ஆம் அதிகாரமோ, நிறைவேறாத இச்சையிலிருந்தே சண்டை கிளம்புகிறது என்கிறது. திருக்குறளில் அவா அறுத்தலுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. யாக்கோபு அந்த அளவுக்குப் போவதில்லை. கடவுளிடம் கேளுங்கள், எதற்காகக் கேட்கிறோம் என்றும் சோதித்துப் பாருங்கள் என்கிறார். ஆசைப்பட்டது கிடைக்காதபோது எதிரில் நிற்கும் மனிதரையே தடையாகப் பார்க்கத் தொடங்குகிறோம். பகை அந்தப் பார்வையில்தான் பிறக்கிறது என்பது என் கருத்து.

கொல்லிமலையில் நடந்ததைப் பாருங்கள். 1913க்குப் பின் கிறிஸ்தவ மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி எவலினும் அங்கே மருத்துவமும் மதப்பணியும் தொடங்கியபோது, உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். தம் மக்களும் வழிபாடும் தம்மோடு நிலைக்க வேண்டும் என்று அவர் விரும்பியதில் பிழை காண முடியாது. ஆனால் புதிதாக வந்தவர்கள் அந்த விருப்பத்துக்குத் தடையாகத் தெரிந்தார்கள், உறவு முறிந்தது. முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் படுத்தபோது, பிராண்ட் தம்பதியர் பழையதை மனத்தில் வைக்காமல் பணிவிடை செய்தனர். இறக்கும் முன் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். முதுமையில் எவலின் மலைக்குத் திரும்ப விரும்பியபோது, வயதைக் காட்டி மிஷன் மறுத்தது. அவர் மிஷனோடு மல்லுக்கட்டவில்லை. ஓராண்டு மட்டும் பணி கேட்டு வாங்கி முடித்தார். பிறகு ஓய்வு பெற்றுச் சொந்தப் பொறுப்பில் மலைக்குப் போனார். விருப்பத்தை அவர் கடைசிவரை விடவில்லை, யாரையும் எதிரியாக்கவுமில்லை. 1974இல், 95 வயதில் இறந்தார்.

ஆசையைச் சோதி என்பது ஏழைக்கும் பெண்ணுக்கும் மட்டுமே சொல்லப்படும் உபதேசம் ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் தகப்பன் சொத்தில் பங்கு கேட்டு மோசேயின் முன் நிற்கிறார்கள். அவர்கள் கேட்டது சரியே என்று கடவுள் தீர்ப்பளிக்கிறார். உயில் இல்லாதபோது கிறிஸ்தவ வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்கிறது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்படியிருக்க, பங்கு கேட்கும் தங்கையைச் சண்டைக்காரி என்பது அநியாயம். சோதிக்க வேண்டியது அதைத் தர மறுக்கும் அண்ணனின் ஆசையை. பாகம் பிரிக்க உட்காரும் கிறிஸ்தவக் குடும்பங்களே, அவள் வாய்திறந்து கேட்கும் முன்பே அவள் பங்கை எழுதிவிடுங்கள்.