உயிர் மீண்டபின் உள்ளம் மீள்வது எவ்வாறு?

கொடிய நோயினின்றும் ஒருவர் பிழைத்து வீடு திரும்பினால் சுற்றமும் நட்பும் மகிழ்வது இயல்பு. "கண்டம் தப்பியது, இனிக் கவலை இல்லை" என்று ஆறுதல் கூறுவதும் நம் வழக்கம். ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டவர் பலருக்கு அல்லல் அத்துடன் முடிவதில்லை. வேறொரு வடிவில் தொடங்குகிறது. அவ்வல்லல் யாது? அஃது எதனால் விளைவது? அதனைக் கடக்கும் மனவலிமை எங்கிருந்து வருவது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

தீவிர சிகிச்சை முறை மிகப் பழமையானதன்று. 1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்தோரில் தொடக்கத்தில் 31 பேரை அக்காலத்து இயந்திரங்களில் இட்டுப் பேணியும் 27 பேர் மாண்டனர். அப்போது பியோன் இப்சன் என்னும் மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுள் காற்றைச் செலுத்தும் முறையைப் புகுத்தினார். மாணவர் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து அப்பையை அமுக்கினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1953-இல் இப்சன் அந்நகரிலேயே இத்தகைய சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை நிறுவினார்.

கருவிகள் வளர வளரப் பிழைப்போர் தொகையும் பெருகிற்று. ஆயினும் பிழைத்தோர் பின்னர் எவ்வாறு வாழ்கின்றனர் என்னும் கேள்வி பிந்தியே எழுந்தது. உடல் தளர்ச்சி ஒன்று. நினைவும் கருத்தூன்றலும் குன்றுதல் இரண்டு. அச்சம், சோர்வு, கொடுங்கனவு ஆகிய மனத்துன்பங்கள் மூன்று. இம்மூன்றையும் ஒருங்கே சுட்ட, 2010-இல் அமெரிக்காவில் கூடிய மருத்துவ அறிஞர் ஒரு பெயர் வகுத்தனர். 'தீவிர சிகிச்சைக்குப் பிந்திய நோய்த்தொகுதி' என அதனைத் தமிழில் கூறலாம். குடும்பத்தார் உறும் மனத்துன்பத்தையும் அதன் ஒரு கூறாகவே அவர்கள் கொண்டனர்.

இனி, இத்துன்பத்தின் காரணத்தை நோக்குவோம். செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவருக்கு மயக்க மருந்து தரப்படுகிறது. ஓயாத ஒலியும் அணையாத விளக்கும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. நோயின் கடுமையும் மூளையைத் தாக்குகிறது. இவற்றால் சித்தக் கலக்கம் உண்டாகிறது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 821 நோயாளிகளுள் நூற்றுக்கு 74 பேர் மருத்துவமனையில் இருக்கையில் இக்கலக்கத்துக்கு ஆளாயினர். அவ்வேளையில் செவிலியர் நஞ்சூட்டுவதாகவும், தாம் சிறைப்பட்டிருப்பதாகவும் சிலருக்குத் தோன்றும். நடந்தவை நினைவில் நில்லா; நடவாதவையோ நெஞ்சில் ஆழப் பதியும். ஆகவே, பலநாள் வாழ்வு வெற்றிடமாகவும், அவ்வெற்றிடத்தில் அச்சந்தரும் பொய்க்காட்சிகள் சிலவாகவும் எஞ்சுகின்றன.

குடும்பத்தாரின் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு எதுவும் மறப்பதில்லை. நள்ளிரவில் வந்த தொலைபேசி அழைப்பும், கையொப்பமிட்ட தாளும், மருத்துவர் முகத்தின் வாட்டமும் திரும்பத் திரும்பக் கண்முன் நிற்கும். பிரான்சில் 21 சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், 90 நாள் கழிந்த பின்னும் உறவினருள் மூவரில் ஒருவருக்குக் கடும் அதிர்ச்சியின் அறிகுறிகள் காணப்பட்டன. தமக்குச் செய்தி முழுமையாகச் சொல்லப்படவில்லை என்று கருதியோரிடத்தும், சிகிச்சை குறித்து முடிவெடுப்பதில் பங்கு கொண்டோரிடத்தும் அவை மிகுந்திருந்தன.

நோயுற்றவருக்கு நினைவின்மை துன்பம். உற்றாருக்கு நினைவே துன்பம். இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், ஒருவர் மற்றவரை வருத்தலாகாது எனக் கருதி வாய்மூடி இருந்துவிடுகின்றனர்.

இந்நிலையில் மனவலிமை என்பது யாது? துன்பத்தை வெளிக்காட்டாது பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதே வலிமை எனப் பலர் எண்ணுவர். அது பொருந்தாது. நேர்ந்ததை நேர்ந்தவாறு அறிந்து, அதனைத் தம் வாழ்க்கைக் கதையில் ஒரு பகுதியாகப் பொருத்திக்கொண்டு மேற்செல்லும் ஆற்றலையே இங்கு நாம் வலிமை என்கிறோம். தம் கதையின் ஏடுகளை இழந்தவர் அவற்றைத் தனித்திருந்து மீட்டல் அரிது. அவை பிறரிடத்தே உள்ளன.

இவ்வுண்மையை உணர்ந்து ஸ்காண்டிநேவிய நாட்டுச் செவிலியர் கைக்கொண்ட எளிய வழி ஒன்று உண்டு. நோயாளி நினைவிழந்து கிடக்கும் நாட்களில் செவிலியரும் உறவினரும் அவருக்காக நாட்குறிப்பு எழுதுகின்றனர். நடை எளிது, முன்னிலையில் அமைவது. எடுத்துக்காட்டாக இவ்வாறு இருக்கலாம்: "இன்று செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் தணிந்தது. நீங்கள் குழாயைப் பிடுங்க முயன்றமையால் கையைத் துணியால் கட்ட வேண்டியதாயிற்று. மாலையில் உங்கள் மகள் வந்து தலைவாரிவிட்டாள்." சிறைப்பட்டதாக அஞ்சிய ஒருவர் இதனைப் படிக்கும்போது, தம்மைக் கட்டியது பகையன்று, பரிவே என உணர்கிறார் அல்லவா? எழுதும் மகளுக்கும் அச்சத்தை இறக்கிவைக்க ஓரிடம் கிடைக்கிறது.

இதன் பயன் ஆய்வுக்கும் உட்படுத்தப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் ஆறில் 352 பேரிடம் நடத்தப்பெற்று 2010-இல் வெளியான ஆய்வில், நாட்குறிப்பைப் பெற்றோருள் நூற்றுக்கு 5 பேரிடமும், அப்போது பெறாதோருள் 13 பேரிடமும் அதிர்ச்சிநோய் புதிதாகத் தோன்றிற்று. ஆனால், 657 நோயாளிகளைக் கொண்டு 2019-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே நாட்குறிப்பு எல்லார்க்கும் ஏற்ற மருந்தென்று கொள்ளுதல் கூடாது. எவர், எப்போது, யார் துணையுடன் படிப்பது என்பதும் கருதத்தக்கது. படிக்க விரும்பாதவரை வற்புறுத்துதல் தகாது.

உடல் தேறுவதும் உள்ளம் தேறத் துணையாகும். மயக்க மருந்தை நாள்தோறும் சிறிது நேரம் நிறுத்தி, அவ்வேளையில் நோயாளியை எழுப்பி உட்காரவும் நிற்கவும் பழக்கிய 2009-ஆம் ஆண்டு ஆய்வில், தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் வீடு திரும்பத்தக்கோர் நூற்றுக்கு 59 ஆயினர். ஏனையோரிடை அத்தொகை 35 மட்டுமே. மூக்குக்கண்ணாடியையும் காதொலிக் கருவியையும் அணிவிப்பதும், நாளும் கிழமையும் சொல்வதும், பழகிய குரலில் பேசுவதும் சித்தக் கலக்கத்தைத் தடுக்கத் துணைபுரிவன.

நாம் செய்யத்தக்கது யாது? மீண்டு வந்தவரிடம் "எல்லாவற்றையும் மறந்துவிடு" என்னாது, அவர் கேட்பதைச் சொல்லுதல் வேண்டும். அவர் கண்ட பொய்க்காட்சியை நகையாது செவிமடுத்தல் வேண்டும். கணக்கில் தடுமாறுவதையும் சினம் மிகுவதையும் குணக்கேடு எனக் கருதாது, நோயின் எச்சம் என உணர்தல் வேண்டும். வாரங்கள் சென்றும் உறக்கமின்மையும் அச்சமும் நீங்காவிடின், நோயாளியாயினும் உறவினராயினும் மருத்துவரை நாடுதல் வேண்டும். தாயோ தந்தையோ இவ்வாறு மீண்ட வீட்டிலிருந்து வரும் மாணவன் பாடத்தில் பின்தங்கினால், அவனும் அந்நோயின் நிழலில் வாழ்பவனே என்பதை ஆசிரியர் நினைவிற் கொள்ளல் நன்று.

மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுத்த வள்ளுவர், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நிறுத்தாமல், அருகிருந்து துணைபுரிபவனையும் சேர்த்து எண்ணினார். கோப்பன்ஹேகனில் பையை அமுக்கிய மாணவர் செய்தது அந்நான்காம் உறுப்பின் பணியே. நோயாளி வீடு வந்தபின் அப்பணி நம்முடையதாகிறது.