பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது?

வேங்கிக்காலில் காலை ஒன்பதரை மணிக்குச் சாலையோரம் சற்றே நின்று பாருங்கள். 1989-ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில்தான் இருக்கிறது. பத்து மணிக்கு இருக்கையில் அமர வேண்டிய பெண்கள் தோளில் கைப்பையும் இடுப்பில் குழந்தையுமாக விரைந்து செல்வார்கள். அக்குழந்தை மாலைவரை எங்கே இருக்கும்?

தமிழகத்தில் அரசுப் பணியிலுள்ள தாய்மார்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு கிடைக்கிறது. முன்பு ஒன்பது திங்களாக இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அங்கன்வாடியில் குழந்தையைச் சேர்ப்பதற்கு இரண்டு வயது நிறைய வேண்டும். சேர்த்தாலும், அலுவலகம் ஐந்தே முக்காலுக்கு முடிய, அங்கன்வாடியோ அதற்கு வெகு முன்னரே மூடிவிடும். கடைகளிலும் தனியார் பள்ளிகளிலும் உழைக்கும் தாய்மாருக்கு இந்த இடைவெளி இன்னும் அகலமானது. பாட்டியோ செங்கத்திலோ போளூரிலோ இருக்கிறார். ஆகவே, “நம் தெருவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அம்மா யாரேனும் உண்டா?” என்ற கேள்வி வீடுதோறும் எழுகிறது.

நம் உறவினர் மகள் ஒருத்தி, பதின்மூன்று திங்கள் நிறைந்த தன் பெண்குழந்தைக்காக இவ்வாறு தேடியபோது நம்மையும் உடன் அழைத்தாள். மூன்று வீடுகள் பார்த்தோம்.

முதல் வீடு கண்ணைக் கவர்ந்தது. சுவரெல்லாம் யானையும் மயிலும். மூலையில் பிளாஸ்டிக் சறுக்குமரம். முற்பகல் பதினொரு மணி. எட்டுக் குழந்தைகளும் வரிசையாக உறங்கிக்கொண்டிருந்தன. “எவ்வளவு அமைதி பாருங்கள்!” என்று மகிழ்ந்தாள் நம் பெண். நமக்கோ அவ்வமைதியே உறுத்தியது. எட்டுக் குழந்தைகள் ஒரே நேரத்தில், அதுவும் முற்பகலில், உறங்குமா?

பழைய செய்தியொன்று நினைவுக்கு வந்தது. 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள், தாம் வீடு திரும்பும்வரை குழந்தை உறங்கட்டும் என்று அபின் கலந்த சிறு உருண்டைகளைக் கொடுத்துவந்தனர். அங்கு ஆய்வு செய்த பெண் மருத்துவர் பார்ன்ஸ் அதைக் கண்டு அதிர்ந்து எழுதினார். அந்தத் தாய்மார் கொடியவர்கள் அல்லர்; குழந்தையை ஒப்படைக்க ஆளில்லாதவர்கள். இன்று அபின் இல்லை. ஆனால் உறக்கம் தரும் சளி மருந்துப் புட்டி எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அவ்வீட்டில் அப்படி நடந்ததென்று நாம் கூறவில்லை. மருந்து எதுவும் பெற்றோர் கையால் தந்தாலன்றிக் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பதே நம் கருத்து. சொல்லும்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வீட்டில் வெளிக்கதவு பூட்டியிருந்தது. “மாலையில் மட்டுமே வரலாம், நடுவில் வந்தால் பிள்ளைகள் அழும்” என்றார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. தாய் வந்து போனால் குழந்தை இரண்டாம் முறை அழத்தான் செய்யும். ஆனாலும் அந்த வீட்டை நாம் ஏற்கவில்லை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்ததோடு நில்லாமல், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று பார்க்கவும் உரிமை அளித்தார்கள். தெருவிலுள்ள சிறு வீட்டுக்கு அச்சட்டம் பொருந்தாது. அதன் கருத்து பொருந்தும் அன்றோ? சொல்லாமல் கொள்ளாமல் நுழைய முடியாத வீட்டில் பிள்ளையை விட வேண்டாம். அவ்வீட்டில் பகலில் வேறு யார் யார் இருப்பார்கள், யார் யார் வந்துபோவார்கள் என்பதையும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். நம்மவர்கள் மரியாதை கருதிக் கேட்காமல் விடும் கேள்வி இதுதான்.

மூன்றாவது, ஓட்டு வீடு. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். திண்ணையில் இரண்டு குழந்தைகள். பொம்மை என்று சொல்ல ஒரு தேங்காய்ச் சிரட்டையும் சில மரக்கரண்டிகளுமே இருந்தன. முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தவர், நம் குழந்தையைக் கண்டதும் முறத்தை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டுத்தான் “வாங்க” என்றார். நம் மாவட்டத்தில் கடலை இல்லாத வீடு ஏது? ஆனால் முழுக்கடலை சின்னஞ்சிறு குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நாம் சொல்லாமலே அவருக்கு அது தெரிந்திருந்தது. கிணற்றடி வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததையும் பார்த்தோம்.

அவர் குழந்தையைத் தூக்க முயலவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்து, அது தானாக வரும்வரை காத்திருந்தார். பின்பு நாம் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் அவரே கேட்டார். என்ன உண்ணும்? எப்படி உறங்கும், தோளிலா தூளியிலா? சிறுநீர் வந்தால் என்ன சொல்லும்? காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது? தடுப்பூசி அட்டை எங்கே? “மூணுக்கு மேல் எடுக்க மாட்டேன்மா, எனக்கு ரெண்டு கைதானே” என்றும் சொன்னார்.

இங்கிலாந்தில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்போருக்கென 1948-லேயே பதிவுச் சட்டம் செய்தார்கள். அங்கு இன்றும், ஐந்து வயதுக்குட்பட்டோர் பொதுவாக ஒருவருக்கு மூவர் என்பதே அளவு. அதிலும் கைக்குழந்தை ஒன்றுதான். ஓட்டு வீட்டு அம்மையார் அச்சட்டத்தை அறிந்திருக்க நியாயமில்லை. தம் கைகளை எண்ணியே அதே கணக்குக்கு வந்துவிட்டார்!

தமிழில் இப்பணிக்குத் தொன்மையான பெயர் உண்டு: செவிலி. சங்க அகப்பாடல்களில் தலைவனுடன் சென்றுவிட்ட மகளைத் தேடிப் பாலைவழியில் அலைபவள், பெற்ற தாயைக் காட்டிலும் செவிலித்தாயே. அத்தனை உயர்வாகப் பாடிய நாம், இன்று அவளுக்குக் கூலி பேசும்போது மட்டும் காய்கறி வாங்குவதுபோல் பேரம் பேசுகிறோம். நம் பெண்ணும் ஐந்நூறு குறைக்கப் பார்த்தாள். நாம் தடுத்தோம். மாதம் பிறந்ததும் தர வேண்டும். அவருக்கு நோய் வந்தால் அந்நாளுக்குப் பிடித்தம் கூடாது. வாரத்தில் ஒரு நாள் அவர் வீடு அவருக்கே என்று பேசி முடித்தோம். குறைந்த கூலி கிடைத்தால் நான்காவது குழந்தையையும், ஐந்தாவதையும் ஏற்காமல் அவர் என்ன செய்வார்?

முதல் வாரம் குழந்தையின் பாட்டி ஊரிலிருந்து வந்து திண்ணையிலேயே உடன் அமர்ந்திருந்தார். இரண்டாம் வாரம் அரை நாள். அதன் பின்னரே முழு நாள். அப்படியும் பத்து நாள் வாசலில் அழுகைதான், தாயும் அழுதாள்.

சென்ற பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் பேருந்துகள் நகருக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டன. வெளியூர்ப் பணிக்குச் சென்றிருந்த நம் பெண் வேங்கிக்கால் வந்து சேரும்போது இரவு எட்டு மணி. அம்மையார் குழந்தைக்குச் சோறூட்டி, திண்ணையில் மடியில் கிடத்தி, வானில் ஏறிவந்த நிலவைக் காட்டிக்கொண்டிருந்தார். தாயைக் கண்ட குழந்தை சிரித்தது. ஆனால் உடனே எழுந்து வரவில்லை. நம் பெண்ணுக்கு அது சற்றே வருத்தம் என்று மறுநாள் நம்மிடம் சொன்னாள்.