உங்களுக்குத் தெரியுமா? கறிவேப்பிலைத் தொட்டிக்கு வரும் விருந்தாளி

மாடியில் வைத்த கறிவேப்பிலைச் செடியின் இலைமேல் குருவி எச்சம்போல் ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே துடைத்துவிடாதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே தாவரக் குடும்பம். அதனால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இரண்டையும் தேடி வரும். தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தொட்டே சுவை பார்க்கும். சரியான செடிதான் என்று தெரிந்தபின் முட்டைகளை ஒவ்வொன்றாக இடும்.

எச்ச வேடம் பறவைகளை ஏமாற்றத்தான். 4 முறை தோலுரித்ததும் வேடம் கலைந்து புழு பச்சையாகிவிடும். அப்போது மெல்லத் தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்கைப் போல ஓர் இரட்டைக் கொம்பு நீளும், கூடவே ஒரு நாற்றமும். எறும்பை விரட்டும் ஆயுதம் அது; நம் விரலும் தானாகப் பின்வாங்கும். பிறகு இடுப்பில் பட்டிழை கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். செடியில் காணவில்லை என்றால் பக்கத்துச் சுவரிலும் தேடுங்கள்.

இலை கொஞ்சம் போகும், உண்மைதான். வளர்ந்த செடி மறுபடி துளிர்த்துவிடும்; சின்னக் கன்று என்றால் புழுவைப் பெரிய செடிக்கு மாற்றிவிடலாம். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். நாளைக்கு ரசத்தில் விழப்போகும் இலையாயிற்றே!