12 இன்ச்சா, 10 இன்ச்சா? டிக்கியில் இல்லை பதில்

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு ஒரு சப் ஊஃபரையும் மாட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வாசகர் கடிதங்களில் தெரிகிறது. சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: சலுகை பூஜையோடு முடிகிறது, 8, 10, 12, 15 இன்ச்சில் எது அதிகச் சத்தம் தரும்? ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளில் ஆரம்பித்து ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வரை இதற்குக் கிடைக்கிற பதில் 'பெரிசா போடுங்க சார்' என்பதே. அதில் பாதி உண்மை, மீதி வியாபாரம். ஆம்ப் எதற்கு, பேஸ் என்றால் என்ன என்பதையெல்லாம் தாண்டி வந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதால் நேரே கணக்குக்குப் போகலாம்.

12 இன்ச் ஊஃபரில் காற்றைத் தள்ளும் கோனின் பரப்பு சுமார் 480 சதுர செ.மீ. 10 இன்ச்சில் சுமார் 330. இரண்டும் ஒரு பக்கத்துக்கு 1 செ.மீ. நகர்ந்தால் 12 இன்ச் தள்ளும் காற்று 480 கன செ.மீ., 10 இன்ச் தள்ளுவது 330. டெசிபலில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 3. காதுக்குத் தெரியும், ஆனால் விலை வித்தியாசம் சொல்லுமளவுக்குத் தெரியாது. அதுவும் இரண்டும் ஒரே தூரம் நகர்ந்தால்தான். மலிவு விலை 12 இன்ச் ஒன்று அரை செ.மீ.க்கு மேல் நகராது என்றால் அது தள்ளும் காற்று 240 கன செ.மீ.தான்; நல்ல 10 இன்ச்சிடம் அது தோற்றுப்போகும். இந்த நகர்வுக்குப் பெட்டியில் 'எக்ஸ்-மேக்ஸ்' என்று பெயர் போட்டிருக்கும். சத்தம் சிதையாமல் கோன் எத்தனை மி.மீ. நகரும் என்று கம்பெனி தானே சொல்லிக்கொள்ளும் அளவு அது. எப்படி அளந்தார்கள் என்பது பெரும்பாலும் அச்சாவதில்லை. இருந்தாலும் இன்ச்சை விட நம்பத் தகுந்த எண்.

உண்மையில் சத்தத்தைத் தூக்கிவிடுவது ஊஃபரே அல்ல, கார்தான். சைக்கிள் பம்பின் வாயைத் திறந்துவிட்டு அடித்தால் காற்று ஓடிவிடும். கட்டைவிரலால் அடைத்து அடித்தால் அழுத்தம் ஏறும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். ஹேட்ச்பேக் காரின் உட்புற நீளம் 3 மீட்டருக்குள். சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அரை அலைக்குக்கூட உள்ளே இடமில்லை; அலையாக ஓட வழியில்லாமல் கேபின் முழுவதும் ஒரே அழுத்தமாக ஏறி இறங்குகிறது. திறந்தவெளியில் அதிர்வெண் பாதியாகும்போது அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அடைத்த கேபினில் அந்தத் தண்டம் கிடையாது. எண்ணிலேயே பார்த்துவிடலாம். மேலே சொன்ன 10 இன்ச் ஊஃபரை மைதானத்தில் தரையில் வைத்து 30 ஹெர்ட்ஸில் ஓடவிட்டால் 1 மீட்டர் தள்ளிக் கிடைப்பது சுமார் 98 டெசிபல். அதே ஊஃபரை, அதே நகர்வோடு, 3 கன மீட்டர் கேபினுக்குள் கசிவே இல்லாமல் வைத்தால் சுமார் 115. மைதானத்தில் இந்த 17 டெசிபலை இன்ச்சால் ஈடுகட்ட வேண்டுமானால் 12 இன்ச் ஊஃபர்கள் ஐந்து வேண்டும்! நிஜக் காரில் கதவு ரப்பர் கசியும், கூரைத் தகடு வளையும், சில டெசிபல் போகும். போனாலும் மிச்சம் 3 டெசிபலை விடப் பெரிது. கேபின் சிறிதாக இருந்தால் லாபம் கூடும் என்பதால், ஆல்ட்டோவில் அடிக்கிற 8 இன்ச் இன்னோவாவில் அதே மாதிரி அடிக்காது. செடானில் பின்சீட்டுக்குப் பின்னால் தனியாக மூடிய டிக்கியில் வைத்தால் பாதிச் சத்தம் சாலைக்குத்தான்.

'நண்பன் வண்டியில் 12 இன்ச் போட்டுக் கண்ணாடியே அதிருதே' என்பது பலர் எழுதியிருக்கும் மறுப்பு. அதிரும். பெரிய ஊஃபருக்குப் பெரிய பெட்டி போட்டிருப்பார்கள், பெட்டியில் துளைக்குழாய் வைத்திருப்பார்கள், ஆம்பும் வலுவாக இருக்கும்; பெயர் மட்டும் இன்ச்சுக்குப் போகிறது. இடமிருந்தால் பெரிய கோன் அதே சத்தத்தைக் குறைந்த சிரமத்தில், குறைந்த சிதைவோடு தரும் என்பதும் உண்மை. சி.என்.ஜி. சிலிண்டர் ஏறிய டிக்கியில் அந்த இடம் இல்லை. 12 இன்ச்சைச் சின்னப் பெட்டியில் திணித்தால் அதன் ஆழ்ந்த பேஸ்தான் முதலில் செத்துப்போகும்.

ஆம்ப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் 'மேக்ஸ் வாட்'டை நம்புவதற்கு முன் ஆம்பின் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ், ஓடும் காரில் 13.8 வோல்ட்: உள்ளே போவதே 414 வாட். கிளாஸ் டி ஆம்ப் அதில் 80 சதவீதம் தந்தால் 330. ஒரு நொடிக்குள் முடிகிற அடிக்கு ஃப்யூஸ் கூடுதலாகத் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வது சரிதான். ஆனால் தொடர்ந்து தர முடியாததைத் தலைப்பு எழுத்தில் போடுவானேன்?

மற்ற கேள்விகள். போலீஸ் மீட்டரில் மாட்டுமா? குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்த வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல்; ஆனால் அது 'ஏ' அளவீடு, 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிட்டே காட்டும். மனிதக் காதுக்கு ஏற்ற அளவு என்று விதி விளக்குகிறது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அந்த விளக்கம் தெரியாது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையைச் சுற்றி? மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க விதியில் இடமுண்டு, அணைத்துவிடுங்கள். இரண்டு 8 இன்ச்சா, ஒரு 12 இன்ச்சா? பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான், இடம் பார்த்து முடிவெடுங்கள். பேட்டரி ஒயருக்கு ஃப்யூஸ் எங்கே? பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். வாரண்டி? ஒயரை வெட்டாமல் கப்ளர் போடச் சொல்லுங்கள்.

கடை ஹாலில் அலமாரியில் வைத்து அடித்துக் காட்டுவதைக் கேட்டு வாங்காதீர்கள். உங்கள் மாடல் காரில் மாட்டியிருப்பதை, கண்ணாடி ஏற்றிக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.