தரகரே கடனும் ஆதாரமும் முடித்துத் தருவாரானால்

தறியில் அமர்ந்து ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பணமும், பூவும் நெல்லும் விற்றுச் சேர்த்த பணமும், நம் மாவட்டத்தில் பெரும்பாலும் ஐந்து செண்டு நிலமாகவோ சிறு வீடாகவோ உருக்கொள்கின்றன. வடசேரி நெசவாளராயினும் தோவாளை விவசாயியாயினும், வாழ்நாளில் ஒருமுறை செய்யும் கிரயம் அது. அதில் நேரும் பிழை ஒரு தலைமுறையின் உழைப்பையே கொண்டுபோய்விடும். ஆகவே இவ்விஷயத்தை அங்கத்தினர்களுக்கு விளக்குவது நமது கடமையெனக் கருதுகிறோம்.

முன்னாளில் தரகர் நிலத்தைக் காட்டுவார்; விலையைப் பேசி முடிப்பார்; தரகைப் பெற்றுக்கொண்டு விலகுவார். கடனுக்கு வாங்குபவர் பாங்கையோ சங்கத்தையோ நாடுவார். ஆதாரம் எழுதுவோர் வேறொருவர். இன்றோ நிலம் காட்டுவது, கடன் ஏற்பாடு செய்வது, பத்திரம் எழுதிப் பதிவு முடிப்பது ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லும் தரகர்கள் பெருகியுள்ளனர். அலைச்சல் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் குறைவது அலைச்சல் மட்டுமன்று.

கடன் கொடுப்பவர் நிலத்தின் மதிப்பை ஐயத்தோடு பார்க்கிறார். ஆதாரம் எழுதுபவர் உரிமையை ஐயத்தோடு பார்க்கிறார். இவ்விரண்டு ஐயங்களும் வாங்குபவருக்குக் காவல். தரகருக்கோ கிரயம் முடிந்தால்தான் வருமானம், முடியாவிட்டால் ஒன்றுமில்லை. மூன்று வேலையும் அவர் கையிலேயே இருந்தால், 'இக்கிரயம் வேண்டாம்' என்று சொல்ல எவரும் இல்லாமற் போகிறது. தரகர் நேர்மையானவராக இருக்கலாம். ஆயினும் இருவர் சோதிக்க வேண்டியதை ஒருவரே சோதிக்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடாகாது.

கடனை முதலில் எடுத்துக்கொள்வோம். ரூ. 8,00,000 கடனை 20 ஆண்டுகளில் தீர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 9 சதவீதமானால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 7,198. வட்டி 10 சதவீதமானால் ரூ. 7,720. மாதத்திற்கு ரூ. 522 அற்பமாகத் தோன்றும்; 240 மாதங்களில் அது சுமார் ரூ. 1,25,000 ஆகிவிடுகிறது. தமக்குக் கழிவு தரும் நிறுவனத்திற்கே தரகர் நம்மை அழைத்துச் சென்றால், இந்த ஒரு சதவீதத்தை நாம் அறியாமலே சுமக்க நேரலாம்.

ஆதாரத்தின் விஷயம் இதனினும் நுட்பமானது. நம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை இராஜ்யத்துடன் இணையும் வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தவை. பழைய ஆதாரங்கள் கொல்லம் ஆண்டைக் குறிப்பவை. சில மலையாள எழுத்தில் உள்ளவை. மருமக்கள்வழிக் குடும்பங்களின் சொத்துக்களில் பங்குரிமை பலருக்குக் கிளைத்திருக்கும். ஒற்றி மீட்கப்பட்டதா, பாகப் பிரிவினையில் விடுபட்டவர் உண்டா என்று பார்க்க வேண்டும். கிரயத்தை விரைந்து முடிக்க விரும்புகிறவரிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியுமா?

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1974-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், வீட்டுக் கிரயத்தில் ஆளை அனுப்பியதற்காக மட்டும் பெறும் கழிவைத் தடை செய்தது. கடன் நிறுவனத்தில் தரகருக்குப் பங்கு இருப்பின் அதை எழுத்து மூலம் வாங்குபவருக்கு அறிவிக்க வேண்டும். அந்நிறுவனத்தையே நாட வேண்டுமெனப் பொதுவாகக் கட்டாயப்படுத்தலாகாது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய மனைத் திட்டங்களில் விற்பனை செய்யும் தரகர்கள் தாமும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 செண்டுக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் இவ்வகையின. ஆனால் ஒருவர் தம் பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்கும் கிரயம் இதனுள் அடங்காது. அங்கு நமது எச்சரிக்கையே நமக்குத் துணை.

ஆதலின் அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் உசிதம்.

முதலாவது: தரகு எவ்வளவு, கடன் நிறுவனத்திடமிருந்து கழிவு உண்டா என்பதை முன்னதாகவே கேட்டு எழுதி வாங்குக.

இரண்டாவது: வேறு இரண்டு இடங்களிலேனும் வட்டி விசாரிக்குக. தனிநபர் கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியைக் காட்டும் முக்கிய விவரக் குறிப்பைக் கடன் பெறுபவருக்குத் தருமாறு ரிசர்வ் பாங்கு 2024 அக்டோபர் 1 முதல் விதித்துள்ளது. அதைக் கேட்டுப் பெறாமல் கையொப்பமிட வேண்டாம்.

மூன்றாவது: வில்லங்கச் சான்றை நாமே எடுத்து, மூலப் பத்திரங்களுடன் தரகருக்குத் தொடர்பில்லாத வழக்கறிஞரிடம் காட்டுக. அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவன்று.

நான்காவது: முன்பணத்தைப் பாங்கு மூலமே, உரிமையாளர் பெயருக்கே செலுத்துக. நில விற்பனைக்காக ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

ஐந்தாவது: அதிகாரப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு நிலம் நமதாயிற்று என எண்ண வேண்டாம். அதனால் உரிமை மாறாது என 2011-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமை தரும்.

தறியில் ஓர் இழை அறுந்தால் உடனே முடிந்துவிடுகிறோம். நெய்து முடித்தபின் பார்ப்போம் என்று விடுவதில்லை. கிரயமும் அப்படியே. பதிவுக்கு முன் பத்து நாள் தாமதித்ததால் நல்ல நிலம் கைவிட்டுப் போனாலும், இன்னொரு நிலம் கிடைக்கும். அவசரத்தில் போன சேமிப்பு திரும்புவது அரிது.